டப்பாவில் இருந்த காரம்

என் வீட்டில் துணி துவைக்கும் தூளைக் கடையில் வாங்குவதில்லை. நானேதான் செய்கிறேன். அதைப் பார்த்துவிட்டு யாராவது "பரவாயில்லையே, இயற்கையா வாழ ஆரம்பிச்சிட்டீங்க" என்று சொன்னால் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். இயற்கையும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. என் வீட்டுக்காரருக்கு வாயில் கேன்சர் வந்தது. அதனால் இந்தத் தூள் வீட்டுக்குள் வந்தது. அவர் போய்விட்டார், தூள் மட்டும் இருக்கிறது.

அவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். திண்டுக்கல் ரூட். விளாங்குடியில் வீடு பார்த்ததே டூட்டி முடிந்ததும் வாசலுக்குப் பக்கத்தில் இறங்கிக்கொள்ளலாம் என்பதற்காகத்தான். பூர்வீகம் சோழவந்தான். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். பால்குடி மறந்ததும் வெற்றிலைதான் போட்டேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வெற்றிலையோடு நின்றிருந்தால் எனக்குப் புகார் இல்லை. டூட்டியில் தூக்கம் வராமல் இருக்கப் புகையிலையும் சேர்ந்துகொண்டது. சண்டை போட்டேன், பேசாமல் இருந்தேன், டப்பியைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தேன். மறுநாள் சட்டைப்பையில் புது டப்பி இருக்கும். உள்கன்னத்தில் ஒரு புண் ஆறாமல் நின்றபோது, நான் திட்டுவேன் என்று பயந்து என்னிடம் மறைத்திருக்கிறார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆபரேஷன் செய்தார்கள். அதற்குப் பிறகு கரண்ட் வைத்தார்கள். ரேடியேஷனை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வைக்க வைக்கக் கழுத்துத் தோல் கறுத்தது, பிறகு உரிந்தது, உள்ளே செக்கச் செவேலென்று தெரிந்தது. வாய்க்குள்ளும் அதே கதி. எச்சிலை விழுங்க முடியாமல் கடைவாயோரம் வழிந்துகொண்டே இருக்கும். அதில் ரத்தமும் இருக்கும். தலையணை உறையை மாற்றி மாற்றிப் போட்டு எனக்குக் கை ஓய்ந்துபோனது.

"வாசனை சோப்பு, பவுடர் எதுவும் கழுத்துல படக்கூடாதும்மா, துணியிலகூட" என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார். எங்கள் வீட்டு மெஷின் முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்தது. அதற்கென்று கடையில் விற்கும் திரவங்கள் எல்லாமே பூக்கடை வாசனை அடித்தன. எவ்வளவு அலசினாலும் அந்த வாசனை போகாது. அந்த உறையில் கழுத்தை வைத்ததும் அவர் சுருக்கென்று தலையைத் தூக்கிக்கொள்வார். சரி என்று கையால் துவைக்கும் சாதாரணத் தூளைப் போட்டேன். கதவு இடுக்கெல்லாம் நுரை தள்ளிக்கொண்டு வந்து மெஷின் பாதியில் நின்று கீச்சுக் கீச்சென்று கத்தியது.

மெக்கானிக் தம்பி வந்து பார்த்துவிட்டுச் சொன்னான். "அக்கா, இது கொஞ்சூண்டு தண்ணியில துவைக்கிற மிஷினு. துணி மேல போயி கீழ விழணும், அந்த அடியிலதான் அழுக்குப் போகும். நுரை கெடந்தா மெத்தையில விழுந்த மாதிரி விழும். இதுக்கு நுரை வராத தூளாப் பாருங்க."

நுரை வராத, வாசனை இல்லாத தூள். செல்போனில் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். கடைசியில் பிடிபட்டது இவ்வளவுதான்: வாசனை சேர்க்காத சோப்பு, வாஷிங் சோடா. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு டி. கல்லுப்பட்டியிலிருந்து ஒரு டீச்சர் வருவார். அவர் ஊர்ப்பக்கம் கையால் காய்ச்சும் தேங்காயெண்ணெய் சோப்பு கிடைக்கும் என்று வாங்கிவந்து கொடுத்தார். கேரட் சீவியில் அதைச் சீவி, ஃபேனுக்கு அடியில் பேப்பரில் காயவைத்து, பழைய மிக்ஸி ஜாரில் போட்டு அரைத்துக்கொண்டேன். வாஷிங் சோடாவுக்கு மதுரைக் கீழமாசி வீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன்.

சோடா வேண்டும் என்றேன். கடைக்காரருக்கு அது பிடிபடவில்லை. துணிக்கு, பொடி மாதிரி, கல் மாதிரி இருக்குமே என்றேன்.

"காரமா? எந்தக் காரம் வேணும்? அப்பளக்காரமா, வெங்காரமா, சலவைக்காரமா?" என்று அடுக்கினார்.

"சலவைக்குத்தான்" என்றேன். அவர் உள்ளே பார்த்து, "சலவைக்காரம் ஒரு கிலோ" என்று சத்தம் கொடுத்தார். கண்ணாடித் துண்டு மாதிரி கட்டி கட்டியாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், பையில் என்ன என்று அவர் கேட்டார். அப்போது பேச்சு கொழகொழவென்றுதான் வரும், எனக்கு மட்டும் முழுசாகப் புரியும். கடையில் நடந்ததைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வலிக்கும், ஆனாலும் சிரித்தார்.

"காரந்தான் எனக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரே. மொளகாத்தூள் டப்பா சும்மாதான கெடக்கு, அதுல போட்டு வையி. வீட்டுல ஏதாச்சும் ஒரு காரம் இருக்கட்டும்."

அவர் சாப்பிட முடியாததை நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்று மிளகாய்த்தூள் வாங்குவதையே நிறுத்தியிருந்தேன். டப்பா காலியாகத்தான் இருந்தது. கழுவித் துடைத்து அதில் சோடாவைக் கொட்டி, அடுப்படி அலமாரியிலேயே வைத்தேன். அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் அது காரம் டப்பா. "காரம் தீந்துருச்சா?" என்று அவர் கேட்பார். அந்த வீட்டில் அப்போது சிரிக்க வேறு எதுவும் இல்லை.

முதல் தடவை போட்டதில் தலையணை உறை அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு வந்தது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. சோப்பு அதில் சேர்ந்தால் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து நூலில் ஒட்டிக்கொள்கிறது. சோப்பைக் குறைத்து சோடாவைக் கூட்டினேன். கடைசி அலசலுக்குக் கொஞ்சம் வினிகர் விட்டேன். அதற்கு மேல் இன்னொரு அலசலும் வைத்தேன். நாலைந்து தடவை கெட்டுப்போன பிறகு ஒருநாள் உறை பழைய வேட்டித் துணி போல மெத்தென்று வந்தது. எந்த வாசனையும் இல்லை. அவர் கழுத்தை மெல்ல அதில் வைத்தார். எடுக்கவில்லை. அப்படியே கண்ணை மூடித் தூங்கிப்போனார். நான் மெஷினுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து அழுதேன். அந்த வருஷத்தில் நான் ஜெயித்த ஒரே காரியம் அது.

மற்றதெல்லாம் தோற்றுக்கொண்டிருந்தது. எடை இறங்கிக்கொண்டே போனது. "வாய் வழியா கஞ்சி போய்க்கிட்டு இருந்தா சமாளிச்சுக்கலாம். இல்லன்னா மூக்குல டியூப் போட்டுத்தான் ஆகணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரருக்கு அந்த டியூப் என்றால் அப்படி ஒரு பயம். கரண்ட் வைக்க வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது டியூபோடு வருகிறவர்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைப் போட்டுவிட்டால் பிறகு வாயால் சாப்பிடவே விடமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். கஞ்சியை ஸ்பூனில் எடுத்து வாயில் விட்டுக்கொண்டு, கட்டிலின் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விழுங்குவார். கண்ணில் தண்ணீர் ஊற்றும். இன்னும் கொஞ்ச நாள்தான், கரண்ட் முடிந்தால் புண் ஆறும், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று இரண்டு பேரும் நினைத்திருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் மதினி வந்தார். மதினி என்றால் அவருடைய அக்கா. சின்ன வயதிலேயே தாயை இழந்த தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். சோழவந்தானில் இருக்கிறார். ஒரு பாட்டில் தேனோடு வந்து இறங்கியவர், தம்பியின் கழுத்தைப் பார்த்ததும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வெளியே போய் நின்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து எல்லாவற்றிலும் கை வைக்க ஆரம்பித்தார். மெஷினுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"என்னத்தா இது, பொட்டு நுரையக் காணோம்? தண்ணியில போட்டுப் பெரட்டுது, அம்புட்டுத்தான். இதுலயா அழுக்குப் போகப் போகுது?"

நான் துவைத்து எடுத்த உறைகளைக் குழாயடிக்குக் கொண்டுபோய் நீலக்கட்டி சோப்பைப் போட்டு மறுபடியும் கும்மினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாளியைப் பிடுங்கினேன். "தொடாதீங்க மதினி, அவருக்கு ஆகாது" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனார். தம்பிக்குத் தன்னால் எதுவுமே செய்ய முடியவில்லையே என்று அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. ஆனால் அதைத் தாங்குவதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

பரீட்சைச் சமயம். பள்ளிக்கூட ஆபீஸில் ஒரு வேலை இருக்கிறது, முடித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார்கள். மதினி இருக்கிறாரே என்று காலையில் போனேன். மத்தியானம் திரும்பியபோது அடுப்படியில் இரும்புக் கரண்டி அடுப்பின் மேலேயே இருந்தது. அதில் வெள்ளையாக ஏதோ பூத்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் தேன் பாட்டில். அதற்குப் பக்கத்தில் மூடி திறந்த காரம் டப்பா.

மதினி முகத்தில் வந்த நாளிலிருந்து இல்லாத ஒரு தெளிவு. "வாய்ப்புண்ணுக்குக் காரம் பொரிச்சு, தேன்ல கொழச்சுத் தடவி விட்ருக்கேன்" என்றார். "கைவைத்தியத்த வீட்டுக்குள்ளயே வச்சுக்கிட்டு இம்புட்டு நாளாப் புள்ளயத் துடிக்க விட்ருக்கியே."

"காரமா? யாரு சொன்னா?"

"அவந்தான். டப்பாவுல என்னடான்னு கேட்டேன், காரம்னான். பழைய காரம் போலருக்கு. பொரியவே இல்ல, தண்ணியா விட்டுப் பெறகுதான் பூத்துச்சு. காலையில ஒருக்கா தடவுனேன், இப்ப நீ வர்றதுக்கு முந்தி இன்னொருக்கா தடவுனேன். எரியுதுன்னு நெளிஞ்சான். எரிஞ்சாத்தான மருந்து?"

எங்கள் ஊர்ப்பக்கம் வாய்ப்புண்ணுக்கு வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் தடவுகிற பழக்கம் உண்டு. சூடு பட்டால் அது பொரி மாதிரிப் பொங்கி வரும். அந்த வெங்காரமே அவர் வாய்க்கு ஆகாது. மதினி தடவியது வெங்காரமும் இல்லை, அழுக்குத் துணிக்குப் போடும் சோடா. தோல் இல்லாத வாயில், இரண்டு தடவை.

உள்ளே ஓடினேன். கட்டிலின் ஓரத்தில் துண்டை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. துண்டை விலக்கிப் பார்த்தேன். புண் இருந்த இடமெல்லாம் வெந்து வெளுத்துப்போயிருந்தது. நான் அடுப்படியைப் பார்த்துத் திரும்பினேன். என்ன கத்தப் போகிறேன் என்று எனக்கே தெரியாது, ஆனால் அந்தத் தெருவே கூடும்படி கத்தியிருப்பேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

"அக்காட்ட சொல்லாத" என்றார். எனக்கு மட்டும் புரிகிற அந்தக் கொழகொழப் பேச்சில்.

குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போய் வாயில் தண்ணீரை ஊற்றி ஊற்றித் துப்பச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். மதினி வாசலில் வந்து நின்றார். "எதுக்குத்தா மருந்தக் கழுவுற? நல்லாப் பிடிச்சுக்கிட்டு வருதுல்ல?" என்றார்.

"கொப்பளிக்கச் சொல்லியிருக்காங்க மதினி" என்றேன். அந்த ஒரு வரியைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் தனியாக நின்று உண்மையைச் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். அன்றைக்கே டியூப் போட்டார்கள். போடும்போது நான் பக்கத்தில் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டையும் நடுவில் நிறுத்தி வைத்தார்கள். பிற்பாடு நோய் திரும்பியது அதனால்தானா என்று கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா என்றார் டாக்டர். இல்லை என்றும் அவர் சொல்லவில்லை.

மதினி டியூபைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டார். "நம்ம மருந்த இன்னும் ரெண்டு நாளு வச்சிருந்தா இந்தக் கண்றாவி வந்திருக்காதே" என்றார். கட்டிலில் கிடந்த அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாடிப்படியில் போய் நின்றுகொண்டேன், மதினி ஊருக்குக் கிளம்பும்வரை வார்டுக்குள் வரவே இல்லை.

இதைப் பற்றி நாங்கள் ஒரே ஒரு தடவை பேசினோம். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் கழித்து, டியூபில் பால் விட்டுக்கொண்டிருந்தபோது நான்தான் ஆரம்பித்தேன். ஏன் சொல்லக் கூடாது என்று கேட்டேன்.

"வாயில வச்சதுமே தெரிஞ்சுபோச்சு. டப்பாவுல காரம்னு சொன்னது நாந்தான. அவ என்ன செய்வா? இது தெரிஞ்சா சோறு தண்ணி எறங்காது அவளுக்கு. செத்துருவா."

"எனக்கு மட்டும் எறங்குமா? எல்லாத்தையும் எனக்குள்ளயே போட்டுப் புதைச்சுக்கணும், அப்படித்தான?" என்று கேட்டேன்.

ஆமாம் என்று தலையாட்டினார். கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் ஆட்டினார். எனக்கு அவரை அடிக்கவேண்டும் போல இருந்தது. பால் முடிந்ததும் டியூபில் தண்ணீர் விட்டு மூடினேன். சோடாவை அடுப்படியிலிருந்து எடுத்து மெஷினுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன். மிளகாய்த்தூள் டப்பாவைக் குப்பையில் போட்டேன். ஆனால் தூள் செய்வதை நிறுத்த முடியவில்லை. கழுத்துக்கு வேறு எதுவும் ஆகவில்லையே.

ஆவணியில் போய்விட்டார். டியூபோடுதான் போனார். வாயில் ஒரு சொட்டுக் கஞ்சி அதன்பிறகு இறங்கவே இல்லை. தத்தனேரிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும் முன்னால், வந்தவர்களிடமெல்லாம் மதினி சொல்லிச் சொல்லி அழுதார். "கடேசியா எந்தம்பி வாயி ருசி பாத்தது நான் தொட்டு வச்ச தேனத்தான்." கேட்டவர்கள் எல்லாரும் உருகிப்போனார்கள். மதினி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நான் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இவள் என்ன கல் மாதிரி இருக்கிறாள் என்று யாரோ பேசியது காதில் விழுந்தது.

இந்த வருஷம் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது மதினியிடமிருந்து போன் வந்தது. குரலில் பதற்றம். மகள் வயிற்றுப் பேத்திக்குக் குழந்தை பிறந்திருந்தது, எனக்கும் தெரியும்.

"பச்சப்புள்ளைக்கு வாயெல்லாம் வெள்ளையாப் பூத்துக் கெடக்குத்தா. பாலு குடிக்க மாட்டேங்குது, வீறிட்டுக் கத்துது. அன்னிக்கு ஒங்க வீட்டுல இருந்துச்சுல்ல காரம், அது எங்க வாங்குனது? மகள மருதைக்கு அனுப்பியிருக்கேன், கடையில நிக்கிறா. எந்தக் காரம்னு கேக்குறானாம்."

"குழந்தைக்கு அதெல்லாம் தடவாதீங்க மதினி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றேன்.

"நீ எப்பவும் இப்படித்தான். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு கொண்டுபோயித்தான் அவன வாரிக் குடுத்த. ஒங்க வீட்டுக் காரத்த வச்சு அன்னைக்குக் கொஞ்சமாச்சும் நிம்மதியா இருந்தான். கடப் பேரச் சொல்லு. இல்லன்னா விடு, நானே விசாரிச்சு வாங்கிக்கிறேன்."

வாங்கிவிடுவார். எந்தக் காரம் என்று கேட்டால், துணிக்குப் போடுகிறதுதான், கட்டி கட்டியாக இருக்குமே என்று அடையாளம் சொல்லியே வாங்கிவிடுவார். செத்துப்போன மனுஷனுக்கு நான் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், இன்னும் கழுத்து நிற்காத குழந்தை ஒரு பக்கம். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் யோசித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆபீஸை விட்டு வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"மதினி, அது வெங்காரம் இல்ல. மிஷின்ல துணிக்குப் போடுற சோடா. கடையில காரம்னு சொன்னதை வச்சு நாங்க வெளையாட்டுக்குக் கூப்பிட்ட பேரு அது. அதுலதான் அவருக்கு வாயி வெந்துபோச்சு. மகளக் கடையிலருந்து வரச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் தூரத்தில் குழந்தை அழுவது கேட்டது. பிறகு மதினி யாரிடமோ, "அவளத் திரும்பி வரச் சொல்லு. எதுவும் வாங்க வேணாம்னு சொல்லு. புள்ளய ஆசுபத்திரிக்குக் கெளப்புங்க" என்றார். என்னிடம் மறுபடி பேசியபோது அது மதினியின் குரல் மாதிரியே இல்லை.

"அவனுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். குழந்தை தப்பித்துவிட்டது, இனி ஒரு பொய் சொன்னால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் இவ்வளவு நாள் சுமந்தது போதும் என்று ஒரு வெறி எனக்கு. அவர் எப்படிப்பட்டவர் என்றாவது அக்காவுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். "தெரியும் மதினி. வாயில வச்சதுமே தெரிஞ்சுபோச்சாம். நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் என்னையச் சொல்லவிடல" என்றேன்.

மதினி அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"மொதத் தடவையே தெரிஞ்சுமா," என்று கேட்டார், "ரெண்டாவது தடவையும் எனக்கு வாயத் தொறந்தான்?"

அந்தக் கேள்வி அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.